பாஸ்போர்ட் அம்மா கையில், தேதி யார் கையில்?

"அக்காவுக்கு அமெரிக்கா விசா கிடைச்சிருச்சு. பத்து வருசத்துக்குக் குத்திட்டாங்க!"

ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் இப்போது சாதாரணமாகக் காதில் விழும் செய்தி இது. சொல்பவர் குரலில் பெருமை இருக்கும். கேட்பவர் அடுத்துக் கேட்பார்: "அப்ப இனிமே அங்கேயே இருந்துக்கலாமா?" இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியாமல்தான் பல குடும்பங்கள் விமானம் ஏறுகின்றன. பதில் சென்னையில் ஒட்டிக் கொடுத்த விசாத் தாளில் இல்லை. அங்கே போய் இறங்கும் அன்று குடிவரவு அதிகாரி கணினியில் பதியும் ஒரு தேதியில் இருக்கிறது. அந்தத் தேதி அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும். பாஸ்போர்ட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அந்த அம்மாவுக்குத் தெரிவதில்லை. இந்தக் கட்டுரை அவருக்காக எழுதப்படுகிறது.

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில் ரெட்டியார்சத்திரம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். முருங்கை, மக்காச்சோளம், காய்கறி விளையும் பூமி. இஸ்ரேல் தொழில்நுட்ப உதவியோடு தொடங்கிய காய்கறி மகத்துவ மையம் இங்கேதான் இருக்கிறது. விளைந்தது ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும். அதே சாலையில்தான் பொறியியல் கல்லூரிகளும் வந்தன. தோட்டத்து வருமானத்தில் அந்தக் கல்லூரிகளில் படித்த பிள்ளைகள் பெங்களூரு போனார்கள், அங்கிருந்து டல்லாஸ், முனிக், டொரண்டோ, சிங்கப்பூர், துபாய் என்று பிரிந்தார்கள். மகளுக்குப் பேறுகாலம் வரும்போது பேச்சு தொடங்கும்: "அம்மா, பாஸ்போர்ட் எடுத்துட்டீங்களா?" திண்டுக்கல் மாவட்டம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. பாஸ்போர்ட் வந்ததும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போய் விரல் ரேகை கொடுத்து, இன்னொரு நாள் அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நின்று, விசாவோடு திரும்புகிறார்கள்.

அந்த விசா என்ன தருகிறது, என்ன தரவில்லை என்பதை யாராவது உட்கார்ந்து நிதானமாக அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

வாசல்வரை விசா

இந்தியர்களுக்கு அமெரிக்கா தரும் பி1/பி2 என்ற வருகையாளர் விசா பொதுவாகப் பத்து ஆண்டு செல்லும், மல்டிபிள் என்ட்ரி. அந்தப் பத்து ஆண்டுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் அமெரிக்க விமான நிலையத்தில் போய் இறங்கி, "உள்ளே வரலாமா?" என்று கேட்கலாம். கேட்கும் உரிமைதான் விசா. உள்ளே விடுவதும், எத்தனை நாள் என்று முடிவு செய்வதும் அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரி. சுற்றுலாவுக்கு வருபவர்களுக்கு வழக்கமாக ஆறு மாதம் தருகிறார்கள். குறைத்தும் தரலாம்.

அந்த அனுமதியின் பெயர் ஐ-94. முன்பு வெள்ளை அட்டையாகப் பாஸ்போர்ட்டில் செருகித் தருவார்கள், எடுத்துப் பார்த்தால் தேதி தெரிந்துவிடும். 2013-இல் விமான நிலையங்களில் அந்த அட்டை நின்று, பதிவு கணினிக்குப் போய்விட்டது. அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். அட்டை போனதில்தான் பெரியவர்களுக்குச் சிக்கல் வந்தது என்பது என் எண்ணம். கையில் இருந்த தேதி, இணையம் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும் தேதியாக மாறிவிட்டது.

ஐ-94 தேதியை ஒரு நாள் தாண்டினாலும் பத்து ஆண்டு விசா தானாகவே செல்லாமல் போகும் என்பது அமெரிக்கக் குடிவரவுச் சட்டம். விசாத் தாளில் 2034 என்று அச்சாகி இருந்தாலும் பயனில்லை. 180 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கி வெளியேறினால் 3 ஆண்டு நுழைய முடியாது. ஓராண்டோ அதற்கு மேலோ என்றால் 10 ஆண்டு. உடல்நிலை, பிரசவச் சிக்கல் என்று உண்மையான காரணம் இருந்தால், தேதி முடியும் முன்பே ஐ-539 படிவத்தில் நீட்டிப்புக் கேட்க வழி இருக்கிறது. முடிந்த பிறகு கேட்டால் பொதுவாக ஏற்பதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட் முடியும் தேதி ஆறு மாதத்துக்குள் வந்தால், தங்கும் அனுமதியை அந்தத் தேதியோடு முடித்துவிடுவது உண்டு. ஆறு மாதம் இருக்கலாம் என்று நினைத்துப் போன தாய்க்கு நாலே மாதம் கிடைத்திருக்கும். ஐ-94-ஐ எடுத்துப் பார்க்காதவர்களுக்கு அது கடைசிவரை தெரியாது.

முதலில் பெண்ணைப் பெற்றவர்கள், பிறகு சம்பந்தி

நம் குடும்பங்களில் பேறுகாலப் பயணத்துக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பெண்ணின் அம்மா போவார். அவர் திரும்பும்போது மாப்பிள்ளையின் பெற்றோர் போய் இறங்குவார்கள். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வீட்டில் ஒரு பெரியவர் இருக்கும்படி இரண்டு வீட்டாரும் மாற்றி மாற்றிப் போய் வருவார்கள். வெளிநாட்டில் மகப்பேறு விடுப்பு சில வாரங்களில் முடிந்துபோகும் வேலையில் இருக்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய துணை என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதைத் திட்டமிடும்போது பெரும்பாலும் கணக்கில் வருவது அங்கே இருப்பவர்களின் தேவை மட்டுமே. முதல் முறை ஆறு மாதம் இருந்த அம்மாவை, ஊருக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் மறுபடி கூப்பிடுகிறார்கள். சட்டத்தில் "இத்தனை மாதம் கழித்துத்தான் வர வேண்டும்" என்று எழுதப்படவில்லை. ஆனால் அதிகாரி முந்தைய பயணத்தின் நாட்களைத் திரையில் பார்க்கிறார். வருடத்தில் பெரும்பகுதி இங்கேயே இருக்கும் இவர் விருந்தாளியா, குடியிருப்பவரா என்ற சந்தேகம் அவருக்கு வந்தால், அனுமதி குறையலாம், திருப்பியும் அனுப்பலாம். உள்ளே இருந்த காலத்தைவிட வெளியே இருந்த காலம் அதிகமாக இருக்கட்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். விதி இல்லாவிட்டாலும் நல்ல யோசனை. அம்மாவின் மூட்டுவலிக்கும் அதுவே நல்லது.

அதிகாரி கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும்: மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன், பேரப்பிள்ளையைப் பார்க்க, இந்தத் தேதியில் திரும்புகிறேன். சுற்றுலா விசாவில் கூலிக்கோ சம்பளத்துக்கோ எந்த வேலையும் செய்யக்கூடாது. வெளியாள் பிள்ளையைப் பணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்வதும் அதில் அடங்கும். ஆங்கிலம் வராதென்றால் "தமிழ்" என்று சொல்லி மொழிபெயர்ப்பாளர் கேட்கத் தயங்க வேண்டாம். புரியாத கேள்விக்கு "எஸ், எஸ்" என்று தலையாட்டுவதுதான் ஆபத்து.

ஐரோப்பா: பதினெட்டு நாள் செய்யும் மாயம்

பிள்ளை ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ இருந்தால் கணக்கே வேறு. ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள். அத்தனைக்கும் சேர்த்து ஒரே விதி: எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். இந்த 180 நாள் ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடிகிற அரையாண்டு அல்ல. நீங்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளிலும் நின்று, அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாளை எண்ண வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை நாட்காட்டியோடு பார்ப்போம். ஓர் அப்பா 2026 ஜனவரி 10 அன்று முனிக் போகிறார், மார்ச் 20 அன்று கிளம்புகிறார். ஜனவரியில் 22, பிப்ரவரியில் 28, மார்ச்சில் 20, ஆக 70 நாள். மிச்சம் 20. பேத்தியின் பிறந்தநாளுக்காக ஜூன் 1 அன்று மறுபடி போனால், ஜூன் 20-க்குள் கிளம்பியாக வேண்டும். ஜூன் 21 அன்று பின்னோக்கி எண்ணினால் பழைய 70 நாளும் இன்னும் உள்ளேயே இருக்கும், புதிய 21-ஐச் சேர்த்தால் 91.

அதே அப்பா 18 நாள் பொறுத்து ஜூன் 19 அன்று போனால்? ஜூலை 8 அன்று அவருடைய கணக்கு 90-ஐத் தொடும். ஜூலை 9 அன்று பின்னோக்கி எண்ணினால் தொடக்கம் ஜனவரி 11. ஜனவரி 10 வெளியே விழுந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு புது நாள் சேரும்போதும் ஒரு பழைய நாள் கழன்றுகொண்டே போகும். கூட்டிப் பார்த்தால் அவர் செப்டம்பர் 16 வரை, முழுசாக 90 நாள் இருக்கலாம். விசாவின் சொந்தக் காலம் மட்டும் அதுவரை செல்ல வேண்டும். 18 நாள் தள்ளிப் போட்டதில் 20 நாள் தங்கல் 90 நாளாகிறது! டிக்கெட் எடுக்கும் முன் இதை யாராவது காகிதத்தில் போட்டுப் பார்த்தால் போதும். ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்திலேயே இதற்கான கணிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது.

முன்பு எல்லையில் முத்திரையைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்திருக்கும் புதிய நுழைவு, வெளியேற்றப் பதிவு முறை முகத்தையும் விரல் ரேகையையும் எடுத்து நாட்களைத் தானே எண்ணுகிறது. ஒரு நாள் தவறினாலும் இனி அது கண்ணில் படாமல் போகாது.

நல்ல செய்தியும் உண்டு. 2024 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பிய ஆணையம் இந்தியர்களுக்கென்று தனி ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தது. மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாவை முறையாகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்து இரண்டு ஆண்டு மல்டிபிள் என்ட்ரி விசா கிடைக்கும். அதையும் ஒழுங்காகப் பயன்படுத்தினால், பாஸ்போர்ட்டில் காலம் இருந்தால், ஐந்து ஆண்டு. முதல் இரண்டு பயணத்தின் ஒழுக்கம்தான் பின்னால் வரும் ஆண்டுகளைச் சம்பாதித்துத் தருகிறது.

மற்ற நாடுகள்

கனடாவில் சாதாரண விசாவில் ஒரு தடவைக்கு ஆறு மாதம் வழக்கம். பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் சூப்பர் விசா என்று தனியாக ஒன்று இருக்கிறது. 2022 ஜூலை 4 முதல் அதில் ஒரு தடவைக்கே ஐந்து ஆண்டு வரை தங்கலாம். குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடும், பிள்ளைக்குக் குறித்த அளவு வருமானமும் வேண்டும். நீண்ட நாள் தங்க நினைப்பவர்கள் சாதாரண விசாவை நீட்டி நீட்டிப் பார்ப்பதைவிட இதற்கு விண்ணப்பிப்பது நல்லது.

பிரிட்டனின் பார்வையாளர் விசா 2, 5, 10 ஆண்டுக்கும் கிடைக்கும், ஒவ்வொரு வருகைக்கும் ஆறு மாதம்தான் உச்சம். அடிக்கடி வந்து அங்கேயே குடும்பம் நடத்துவதுபோல் தோன்றினால் மறுப்பார்கள். ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்கு நீண்ட கால விசா கிடைக்கும்போது, 18 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற நிபந்தனை வரலாம். விசாக் கடிதத்தில் 8503 என்ற எண்ணைப் பார்த்தால் அங்கிருந்தபடி நீட்டிப்புக் கேட்க முடியாது என்று பொருள்.

நம் ஊர்க்காரர்கள் திருச்சியிலிருந்தே விமானம் ஏறும் சிங்கப்பூருக்கு மல்டிபிள் விசா இருந்தாலும், ஒவ்வொரு தடவையும் தங்கும் நாள் தனி. பொதுவாக 30 நாள் வரை. இறங்கியதும் மின்னஞ்சலில் வரும் அனுமதிச் சீட்டில் அது இருக்கும். அங்கே 90 நாளுக்கு மேல் அனுமதியின்றி இருந்தால் சிறையும், ஆண்களுக்குப் பிரம்படியும் தண்டனை. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் அனுமதிக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் ஐந்து ஆண்டு சுற்றுலா விசாவுக்குக் கடந்த ஆறு மாதமாக வங்கியில் 4,000 டாலர் இருப்புக் காட்ட வேண்டும். ஒரு வருகைக்கு 90 நாள், நீட்டித்தாலும் ஓராண்டில் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது.

பெயரும் பாஸ்போர்ட்டும்

இன்ஷியல் வைக்கும் நம் வழக்கம் வெளிநாட்டுக் கணினிகளுக்குப் புரிவதில்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, மற்றதில் 'எஃப்.என்.யூ.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அடித்துவிடுவார்கள். விமானச் சீட்டு, காப்பீடு, மருத்துவமனைப் பதிவு என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி பெயர் ஏறும். 2022 நவம்பர் 21 முதல் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அமீரகம் ஏற்பதில்லை என்று விமான நிறுவனங்கள் அறிவித்தன. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கும் பெரியவர்கள் தந்தை பெயரையோ கணவர் பெயரையோ விரித்துக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

பள்ளி இறுதி முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற முத்திரை இருக்குமே என்று சிலர் பயப்படுகிறார்கள். 50 வயது தாண்டியவர்களுக்கு அது கிடையாது.

பழைய பாஸ்போர்ட் முடிந்துவிட்டால் அதில் உள்ள அமெரிக்க விசா முடிந்துவிடாது. பழையதையும் புதியதையும் சேர்த்தே எடுத்துப் போகலாம். விசா ஒட்டிய பக்கத்தைக் கிழிக்கவோ பிரிக்கவோ கூடாது. கனடா விசாவோ பாஸ்போர்ட்டின் காலத்தைத் தாண்டாது. ஆகவே பாஸ்போர்ட்டில் கொஞ்ச காலமே மிச்சம் இருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள், பிறகு விசா.

ஊர் நாட்காட்டி

பயணத் தேதியைக் குறிக்கும்போது இந்தப் பக்கத்து வாழ்க்கையையும் பார்க்க வேண்டும். இங்கே வடகிழக்குப் பருவமழைதான் விதைப்புக்கு ஆதாரம். அக்டோபரில் அப்பா ஊரில் இல்லையென்றால் குத்தகைக்காரரும் பங்காளியும் சொல்வதுதான் கணக்கு. மே மாதம் போய் அக்டோபருக்குள் திரும்புவது நிலம் உள்ளவர்களுக்கு ஒத்துவரும் காலம், அங்கேயும் குளிர் இருக்காது. தைப்பூசத்துக்குப் பழனி போகும் பாதயாத்திரைக் கூட்டம் வீட்டு வாசல் வழியாக நடக்கும் ஊர் இது. வருசா வருசம் மோரும் கஞ்சியும் ஊற்றிய கை, அந்த நாளில் டல்லாஸ் அடுக்குமாடியின் நாலு சுவருக்குள் இருந்தால் அவருக்கு என்ன இருக்கும் என்று பிள்ளைகள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். மாடு வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். பால் கறக்க ஆள் அமர்த்தினாலும் ஆறு மாதத்துக்கு யார் வருவார்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் ஓய்வூதியத்துக்கான வருடாந்திர நேர்காணல் மாதம் எது என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு உயிர்வாழ் சான்று நவம்பர் மாதம், 80 வயது தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே தொடங்கும்.

மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் மறைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு எவ்வளவு தருவார்கள் என்ற பத்தியை மட்டுமாவது ஏஜென்ட்டைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மருந்துகளை மருத்துவர் சீட்டோடு, அட்டைப் பெட்டியோடு கைப்பையில் எடுத்துப் போங்கள்.

ரெட்டியார்சத்திரம் விதை உற்பத்திக்குப் பேர் பெற்ற இடம். மகன் வீட்டுக் கொல்லையில் போடலாம் என்று முருங்கை விதையும் அவரை விதையும் முடிந்து எடுத்துப் போக மனம் வரும். தாவர நலச் சான்று இல்லாமல் விதையை அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ கொண்டு போகக் கூடாது. எழுதிக் காட்டாமல் மாட்டினால் அபராதம் விழும்.

வேலைக்கு என்று கூப்பிட்டால்

இளைஞர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். "இப்போ டூரிஸ்ட் விசாவுல வா, அங்க வந்ததும் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். மத்திய, மாநில அரசுகள் தலையிட்டு மீட்டுக் கொண்டுவந்தன. பாங்காக்கில் இறங்கும்போது அவர்களிடம் இருந்தது சுற்றுலா நுழைவுதான். வேலைக்குப் போகும் இடத்தில் சுற்றுலா விசாவோடு நின்றால், முதலாளி சம்பளம் தராவிட்டாலும் புகார் கொடுக்கக் கால் தயங்கும். அந்தப் பயத்தை வைத்தே இந்த வியாபாரம் நடக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றதா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையைக் கேட்கலாம். பழனிச் சாலைக் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்களுக்கு இதை ஒரு வகுப்பாகவே நடத்தலாம்.

பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள்

அம்மா வந்து இறங்கிய அன்றோ மறுநாளோ ஐ-94-ஐ, அல்லது அந்தந்த நாட்டு அனுமதிச் சீட்டை, இரண்டு படி அச்செடுங்கள். ஒன்று பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும். இன்னொன்றைப் படம்பிடித்துத் திண்டுக்கல்லில் இருக்கும் அண்ணனுக்கோ அத்தைக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கடைசித் தேதியைத் தமிழில் எழுதி, அம்மா பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். திரும்பும் டிக்கெட்டை அந்தத் தேதிக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னதாகவே போடுங்கள். விமானம் ரத்தானாலும், காய்ச்சல் வந்தாலும் இடம் இருக்கும். கிளம்பிய பிறகு போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். வெளியேறியது பதிவாகாமல் போனால் அதுவே சான்று.

ஐ-94 இணையதளத்தைத் திறந்து பாஸ்போர்ட் எண்ணை எங்கே அடிக்க வேண்டும் என்பதை ஒரு முறையாவது அம்மாவின் போனிலேயே செய்து காட்டுங்கள். வீட்டுக் கணக்கையும், சொசைட்டிப் பால் கணக்கையும் இத்தனை வருடம் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய கணக்கில்லை. அடுத்த முறை எப்போது வரலாம், எத்தனை நாள் இருக்கலாம் என்று அவரே சொல்லட்டும். "வேண்டாம்ப்பா, இந்தத் தடவை தை முடிஞ்சு வர்றேன்" என்று அவர் சொன்னால், டிக்கெட்டை அதன்படியே போடுங்கள்.